ஐயாவுக்குப் போற லிங்க்கு

செய்திதானுங்களே படிக்கறீங்க? படிங்க தம்பி, படிங்க. நான் எட்டிப் பாக்கல. பாத்தேன், இல்லைன்னு சொல்லல. பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு போகத்தானே செய்யும். அதுல அடியில நீலமா ஒரு வரி இருக்குது பாருங்க, அதைத் தொட்டா வேற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். அதுக்குப் பேரு லிங்க்கு. உங்க வயசுக்காரங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா. அந்த லிங்க்காலதான் தம்பி என் வேலை போச்சு.

இல்லைங்க, பேங்க்குன்னு சொல்லி ஏமாத்தறவன் அனுப்பற லிங்க்கு இல்ல. அது வேற கதை. இது நல்ல லிங்க்கு. நல்ல லிங்க்கா பாத்துப் பாத்து எடுத்து அனுப்பிட்டிருந்தவன் நான்.

என் பேரு நாச்சிமுத்து. நாமக்கல் பக்கத்துல அருக்காணியம்மாள் பொறியியல் கல்லூரின்னு ரோட்டு மேல பெரிய ஆர்ச்சு வெச்சு, அது மேல ஐயா கை கூப்பி நிக்கற மாதிரி படம் இருக்கும், அந்தக் காலேஜுதான். அங்க நான் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோட எனக்குத் தொடர்பு ஒண்ணும் பெருசா கிடையாது. ஐயாவோடதான்.

ஐயான்னா தாளாளர் பொன்னுரங்கம் ஐயா. காலேஜோட முதலாளி. முதல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருந்தாரு, அப்புறம் கோழிப்பண்ணை, அப்புறம் கல்வி. அப்படி உழைச்சு மேல வந்த மனுசன். காலேஜு பேரு அவங்கம்மா பேரு. தங்கமான ஆளு தம்பி. ஒரே ஒரு பலவீனம், தன்னைப் பத்தி நாலு பேரு நல்லதா எழுதினா படிக்கணும். அது யாருக்குத்தான் இல்ல?

என் வேலை என்னன்னா, காலையில எந்திரிச்சதும் எல்லாச் செய்தித் தளத்தையும் ஒண்ணொண்ணா திறந்து, ஐயாவைப் பத்தி, காலேஜைப் பத்தி வந்த செய்தியோட லிங்க்கை எல்லாம் எடுத்து அவரு வாட்ஸப்புக்கு அனுப்பறது. ஐயா ராகிக் கஞ்சி குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் படிப்பாரு. 'ரத்ததான முகாம், தாளாளர் தொடங்கி வைத்தார்.' 'மரக்கன்று நட்டார்.' 'பேச்சால் மாணவர்கள் நெகிழ்ச்சி.' செய்தியை எழுதி அனுப்பறதும் நான்தான், அவங்க போட்டதும் அதை எடுத்து ஐயாவுக்கு அனுப்பறதும் நான்தான். அதுல என்னங்க தப்பு?

திட்டி வர்றதை எடுக்க மாட்டேன். அவருக்கு பிரஷர் இருக்குது. காலங்காத்தால கஞ்சி குடிக்கற மனுசன்கிட்ட போயி உங்க காலேஜு அப்படி, உங்க ஹாஸ்டல் இப்படின்னு யாராவது காட்டுவாங்களா? பெத்த பிள்ளை செய்வானா? நானும் செய்யல. இந்த மாவட்டத்துல தன்னைத் திட்டறதுக்கு ஒரு ஆளு கிடையாதுன்னே அவரு நம்பிட்டிருந்தாரு. அந்த நம்பிக்கையைக் கட்டிக் காப்பாத்தினது நான்.

இப்படிப் போயிட்டிருந்ததுங்க. ஐயா ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. அங்க ராசிபுரத்துக் காலேஜ்காரரு ஒருத்தரு பக்கத்துல உக்காந்து, தன்னைப் பத்தி வந்த லிங்க்கை எல்லாம் போன்ல தள்ளித் தள்ளிக் காட்டியிருக்காரு. போய்க்கிட்டே இருந்துச்சாம், முடியவே இல்லையாம். ஐயா சாப்பிடாம வந்துட்டாரு. என்னைக் கூப்பிட்டு, "நம்மளைப் பத்தி நாட்டுல அவ்வளவா பேசறதில்லையா நாச்சிமுத்து?"ன்னு கேட்டாரு. அந்தக் குரல்ல கேட்டா யாரு தம்பி தாங்குவா? பேசறாங்க ஐயா, எனக்குத்தான் ரெண்டு கை பத்தலைன்னு சொல்லிட்டு வந்தேன்.

அப்பத்தான் கோகிலவாணி ஞாபகம் வந்துச்சு. கம்ப்யூட்டர் துறையில உதவிப் பேராசிரியர். அமைதியான அம்மிணி. ஆனா அடிக்கடி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுக்கும். எதுக்குன்னா சர்டிபிகேட்டுக்கு.

அது ஒண்ணுமில்லைங்க. எங்க காலேஜுல வாத்தியாருங்க சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிருவோம். பத்தாவது மார்க் ஷீட்டுலருந்து பட்டம் வரைக்கும். பாதுகாப்புக்குத்தான். வீட்டுல வெச்சா பூச்சி அரிக்கும், மழையில நனையும். எங்ககிட்ட இருந்தா சர்டிபிகேட்டும் பத்திரம், வாத்தியாரும் எங்கயும் போகாம பத்திரம். இந்த அம்மிணிக்கு வீட்டுக்காரரு ஓசூர்ல. அங்கயே ஒரு கம்பெனியில வேலையும் கிடைச்சிருச்சு. சேரணும்னா ஒரிஜினலைக் காட்டணுமாம். அதுக்குத்தான் இந்த நடை. காலேஜுல இருக்கறவங்களை விட்டுட்டு ஓசூருக்குப் போறேன்னு சொன்னா எந்த நிர்வாகம் குடுக்கும், சொல்லுங்க.

நான் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். இத்தனை தளத்துலருந்து லிங்க்கை எல்லாம் தானா எடுக்கற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா அம்மிணின்னு கேட்டேன். முடியும் சார்னுச்சு. சட்டுனு சொல்லிருச்சு. அதுக்கப்புறம், "பண்ணிக் குடுத்தா என் சர்டிபிகேட்டை வாங்கித் தருவீங்களா?"ன்னு கேட்டுச்சு. என் பொறுப்புன்னேன்.

பைத்தான்ல எழுதறேன்னுச்சு. பைத்தான்னா மலைப்பாம்பாமே? அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா எழுதினது ரொம்பக் கொஞ்சம் தம்பி. ஒரு பக்கம் கூட வரல. நான் மாங்கு மாங்குன்னு செய்யற வேலை, இத்தனூண்டு. விளக்கமும் சொல்லுச்சு. நாம பாக்கற பக்கத்துக்குப் பின்னால இன்னொரு எழுத்து இருக்குதாம், பொம்மலாட்டத்துக்குப் பின்னால ஆளு இருக்கற மாதிரி. அங்க எங்கெங்க 'ஏ'ன்னு போட்டு, பக்கத்துல 'ஹெச்ரெஃப்'னு இருக்குதோ அங்கெல்லாம் ஒரு லிங்க்கு ஒளிஞ்சிருக்கும். புரோகிராம் அந்தப் பக்கத்தைப் படிச்சு, மத்ததை விட்டுட்டு லிங்க்கை மட்டும் எடுத்துரும். முருங்கைக் கொத்துலருந்து கீரையை உருவற மாதிரின்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்.

முதல் நாளு உருவினதை அப்படியே ஐயாவுக்கு அனுப்பிட்டேன். பக்கத்துல இருக்கற லிங்க்கு அத்தனையும் வந்துருச்சுங்க. முகப்பு, ராசிபலன், தங்கம் விலை, விளம்பரம், எல்லாம். ஐயா வழக்கம் போல ஒவ்வொண்ணா தொட்டிருக்காரு. தொட்டுக்கிட்டே போயி மூட்டுவலித் தைலத்துக்கு ஆர்டர் போட்டுட்டாரு. பெட்டி பெட்டியா வந்து இறங்குச்சு. ஆனாலும் கோவிச்சுக்கல. இவ்வளவு லிங்க்கா நம்மளைப் பத்தின்னு சந்தோசப்பட்டாரு.

நான்தான் அம்மிணியைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன். அது பொறுமையா, "எல்லா லிங்க்கும் வேணும்னுதானே சார் கேட்டீங்க?"ன்னுச்சு. அப்புறம் மாத்திக் குடுத்துச்சு. லிங்க்கோட தலைப்புல ஐயா பேரோ காலேஜு பேரோ இருந்தாத்தான் எடுக்கணும், இல்லைன்னா விட்டுரணும். காலையில அதுவா ஓடி அதுவா ஐயா போனுக்கே போயிரும். நான் காபி குடிச்சிட்டு நிம்மதியா உக்காந்திருக்கலாம். சர்டிபிகேட்டு ஞாபகம் இருக்குதா சார்னு கேட்டுச்சு. கொஞ்ச நாளு ஓடட்டும், பாப்போம்னேன்.

மறுநாள் காலையில என்ன போயிருக்குதுன்னு நான் திறந்து பாக்கல. எதுக்குப் பாக்கணும்? மெஷினே பாத்து எடுத்திருக்குமே. ஆனா அந்த மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியல தம்பி. பேரு இருந்தா எடுத்துரும். அவ்வளவுதான் அதோட அறிவு. 'அருக்காணியம்மாள் கல்லூரி விடுதியில் மாணவிகளுக்கு வாந்தி, மயக்கம்.' போயிருச்சு. 'ஏரியை ஆக்கிரமித்துக் கல்லூரிக்கு வாகன நிறுத்தம், விவசாயிகள் புகார்.' போயிருச்சு. 'பொன்னுரங்கம் கல்லூரியை மாணவர்கள் முற்றுகை.' அதுவும் போயிருச்சு. பழசு புதுசு எல்லாம் சேந்து, நான் அத்தனை வருசமா பொத்தி வெச்சது மொத்தமும் ஒரே காலையில அவரு கைக்குப் போயிருச்சு.

வீட்டுக்கு வரச் சொல்லி ஆளு வந்துச்சு. போனேன். கஞ்சி ஆறிப் போயி ஆடை கட்டிக் கிடக்குது. ஐயா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. அதுதான் பயமா இருந்துச்சு.

"பிள்ளைங்களுக்கு வாந்தின்னு போட்டிருக்குது. தண்ணித் தொட்டியாம். அந்தத் தொட்டியைக் கழுவறதில்லையா நாச்சிமுத்து?"

கழுவறதில்லைங்க. அது எனக்கே தெரியும், எல்லாருக்கும் தெரியும். மூடி உடைஞ்சு ரொம்ப காலமாச்சு, புறா வந்து உள்ள குளிக்கும். ஆனா அதை அவருகிட்ட அப்படியே சொல்லவா முடியும்? அவரு எந்திரிச்சாரு. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாரு. மாட்டிக்கிட்டே, "வா, போயி ஏறிப் பாத்துட்டு வந்துரலாம். நான் பட்டறையில தொட்டி வெல்டிங் வெச்சவன்தானே, எனக்குத் தெரியாதா"ன்னாரு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. எழுபது தாண்டின மனுசன், பிரஷர்காரரு, ஹாஸ்டல் மொட்டை மாடியில ஏறித் தொட்டிக்குள்ள எட்டிப் பாக்கறதா? பிள்ளைங்க எல்லாம் நின்னு பாக்க? நான் விடுவனா? குறுக்க நின்னுட்டேன். "ஐயா, இதெல்லாம் ராசிபுரத்துக்காரரு காசு குடுத்து எழுத வெச்சதுங்க"ன்னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.

ஐயா என்னையே பாத்தாரு. அப்புறம் முகம் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சுச்சு. "அதுதானே பாத்தேன்"னு சொல்லிச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிட்டாரு. போகும்போது, இந்த மாதிரி வராம பண்ண முடியுமான்னு மட்டும் கேட்டாரு. கஞ்சியைச் சூடு பண்ணச் சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கு அந்த மனுசனை நான் காப்பாத்தினேன் தம்பி. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் அதை நெனச்சுப் பாக்கல.

நேரா கோகிலவாணிகிட்ட போனேன். கெட்ட செய்தி வரக் கூடாது, நல்லது மட்டும் எடுக்கச் சொல்லுன்னேன். புரோகிராமுக்கு நல்லது கெட்டது தெரியாது சார், எந்த வார்த்தை இருந்தா விட்டுரணும்னு நீங்க சொன்னா அந்த மாதிரி வெக்கலாம்னுச்சு. சரின்னு நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அது தட்டிக்கிட்டே வந்துச்சு. வாந்தி. முற்றுகை. போராட்டம். புகார். ஆக்கிரமிப்பு. ஏரி. ஏரின்னதும், 'ஏரியா'ன்னு வந்தாலும் போயிருமே சார்னுச்சு. போனாப் போகட்டும்னேன். அப்படித்தான் 'பொன்னுரங்கம் ஐயாவால் ஏரியாவுக்கே பெருமை'ன்னு நான் உருகி உருகி எழுதின செய்தி ஒண்ணு ஐயாவுக்குப் போகாமலே போச்சு. அது இன்னும் எனக்கு மனசுல இருக்குது.

கடைசியா 'ஆய்வு'ன்னேன். அதிகாரிங்க ஆய்வு, சுகாதாரத் துறை ஆய்வுன்னு போடுவாங்கல்ல, அதுக்காக. அம்மிணி தட்டறதை நிறுத்திருச்சு. "சார், அது வேண்டாம். பல்கலைக்கழகத்துலருந்து குழு வர்ற மாதிரி இருந்தா அந்தச் செய்தியும் வராது."

"சொன்னதைச் செய் அம்மிணி. காலேஜு நடத்தறது நீயா நானா?"

தட்டிருச்சு. தட்டிட்டு அந்தப் புள்ள என் முகத்தைப் பாத்து, "இப்பவாவது சர்டிபிகேட்டை வாங்கிக் குடுங்க சார். ஓசூர்ல இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாங்க"ன்னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. கண்டிப்பான்னேன். சொல்லிட்டு ஆபீஸ் மேனேஜருகிட்ட போயி, எந்தக் காரணத்தைக் கொண்டும் குடுத்துராதீங்கன்னேன். பின்ன? அந்த அம்மிணி போயிட்டா புரோகிராம் நின்னு போனா யாரு பாக்கறது? நாலும் யோசிக்கணும் தம்பி.

அதுக்கப்புறம் ஐயா போனுக்குப் போனதெல்லாம் தேன்தான். மரக்கன்று, பொன்னாடை, நெகிழ்ச்சி. கஞ்சி மிச்சம் இல்லாம குடிக்க ஆரம்பிச்சாரு. நானும் தளத்தைத் திறந்து பாக்கறதையே விட்டுட்டேன். தொட்டியில புறாவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அப்புறம் வந்துச்சு அந்த நாளு. காலேஜு கேட்டுல வரிசையா காரு வந்து நிக்குது. பல்கலைக்கழகக் குழு. ஹாஸ்டல்ல பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போன காலேஜையெல்லாம் பாத்துட்டு வர்றாங்களாம். முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா எங்களுக்கு என்ன கஷ்டம்? லேபுக்குப் பெயிண்ட் அடிச்சிருப்போம். வாத்தியாருங்க குறையற துறைக்கெல்லாம் வெளியூர்லருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கோட்டு மாட்டி நிறுத்தியிருப்போம். இதெல்லாம் மரியாதைக்குச் செய்யறதுதானே, வீட்டுக்கு விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டுல சேர் வாங்கிப் போடறதில்லையா?

ஐயா அவசர அவசரமா வேட்டியைக் கட்டிட்டு வந்தாரு. சொல்லியிருந்தா முறையா வரவேற்பு குடுத்திருப்போமேன்னாரு. குழுத் தலைவரு ஒரு அம்மா, வயசானவங்க. அவங்க சாதாரணமா, "நேத்தே எல்லாத் தளத்துலயும் போட்டிருந்தாங்களே ஐயா. உங்க காலேஜு பேரு தலைப்புலயே இருந்துச்சு. நீங்க பாக்கலையா?"ன்னாங்க. ஐயா திரும்பி என்னைப் பாத்தாரு. தலைப்பு என்னன்னு நான் அப்புறம்தான் பாத்தேன். 'அருக்காணியம்மாள் கல்லூரியில் நாளை ஆய்வு.' அந்த ஒரு வார்த்தை. பாருங்க, அந்தப் புள்ள எப்படிக் கவுத்துருச்சுன்னு. தெரிஞ்சுக்கிட்டேதானே தட்டியிருக்குது.

குழு உக்காந்ததும் வாத்தியாருங்க எல்லாரும் ஒரிஜினலோட வரணும்னு சொல்லிட்டாங்க. வழக்கமா சர்டிபிகேட்டு வெச்ச கவரை ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுப்போம், கூடவே ஆபீஸ் ஆளு ஒருத்தரு போவாரு, காட்டினதும் வாங்கிட்டு வந்து பீரோவுல வெச்சுருவாரு. அன்னிக்கு அதுக்கெல்லாம் நேரம் எங்க? மேனேஜரு பீரோவைத் திறந்து கவரையெல்லாம் மேசையில கொட்டிட்டாரு. அவங்கவங்க அவங்கவங்க கவரை எடுத்துக்கிட்டுப் போனாங்க. குழுவுல பாதிப் பேரு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. நாங்க அவங்க பின்னாலயே ஓடினோம். அந்தம்மா தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, பாத்துட்டுக் கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கிட்டு இறங்கிட்டாங்க. ஐயா அப்பத்தான் எட்டிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

நான் கீழ வந்தா, மேசையில கவரு ஒண்ணு கூட இல்ல. காட்டினவங்க யாரும் திருப்பிக் குடுக்கல. கேட்டுப் பக்கம் பாத்தா கோகிலவாணி பையை மாட்டிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டிருக்குது. அது மட்டுமில்ல, அது பின்னால மெக்கானிக்கல்காரரு, கணக்கு வாத்தியாரு, இன்னும் யாரு யாரோ. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி போறாங்க.

ஓடிப் போயி மறிச்சேன். கவரைக் குடுத்துட்டுப் போ அம்மிணின்னேன்.

"எந்தக் கவரு சார்? இதுல என் பேரு போட்டிருக்குது."

என்ன துணிச்சல் பாருங்க. சரி, குரலைத் தணிச்சுக்கிட்டு, நீ போயிட்டா புரோகிராமை யாரு பாத்துக்கறதுன்னு கேட்டேன். அதுல நியாயம் இருக்குதில்லீங்களா?

"அது பாட்டுக்கு ஓடும் சார். அந்த வார்த்தைங்களை மட்டும் எடுத்துருங்க. ஐயாவுக்கு எல்லாம் தெரியட்டும்."

ஓசூர் பஸ்ஸே வந்து நின்னுருச்சு, சொல்லி வெச்ச மாதிரி. ஏறிப் போயிருச்சு. திரும்பிக் கூடப் பாக்கல. எத்தனை தடவை என் பொறுப்பு, என் பொறுப்புன்னு ஆறுதல் சொல்லியிருப்பேன். நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் காலத்துப் புள்ளைங்க மாதிரி இல்ல தம்பி இப்ப இருக்கறதுங்க.

மறுநாள் எல்லாத் தளத்துலயும் அதே செய்திதான். அருக்காணியம்மாள் கல்லூரியில் ஆய்வு, விடுதிக்குப் பூட்டு, பேராசிரியர்கள் வெளியேறினர். ஆனா ஐயா போனுக்கு ஒரு லிங்க்கும் வரல. எல்லாத் தலைப்புலயும் நான் சொன்ன வார்த்தை ஏதோ ஒண்ணு இருந்திருக்குது. புரோகிராம் அதுபாட்டுக்குச் சரியா வேலை செஞ்சிருக்குது. ஐயா பக்கத்து வீட்டுல பேப்பரு வாங்கிப் படிச்சிருக்காரு. படிச்சிட்டு என்னைக் கூப்பிட்டாரு. சத்தம் போடல. "அன்னிக்கு நான் செருப்பு மாட்டினனே நாச்சிமுத்து"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. என்ன சொல்ல வந்தாருன்னு எனக்கு இன்னும் புரியல. வயசாயிருச்சு, பாவம். சாயங்காலம் மேனேஜரு வந்து நாளையிலருந்து வர வேண்டாம்னாரு.

புரோகிராமையும் நிறுத்தச் சொல்லிட்டாராம். இப்பெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவரே உக்காந்து எல்லாத்தையும் படிக்கறாராம். நல்லது கெட்டது எல்லாம். தொட்டியை இடிச்சுட்டுப் புதுசா கட்டியாச்சாம், வேற ஆளுகிட்ட விடாம தானே நின்னு கட்டினாராம். பிரஷர் என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்குப் பதறுது. பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு ஆளு இல்ல.

நான் என்ன தம்பி, திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில ஆளு கேட்டாங்கன்னு போயிட்டிருக்கேன். அது கிடைக்கட்டும், கிடைக்காமப் போகட்டும். ஐயாவை மட்டும் நான் கைவிடல. புதுத் தொட்டி திறந்தன்னிக்கு ஒரு தளத்துல நாலு வரி நல்லபடியா போட்டிருந்தாங்க. நான் எழுதிக் குடுக்காமலே போட்டிருந்தாங்க, ஆச்சரியம்தான். உடனே லிங்க்கை எடுத்து ஐயாவுக்கு அனுப்பிட்டேன். இப்பவும் தினமும் காலையில ஏதாவது ஒண்ணு தேடி எடுத்து அனுப்பிட்டுத்தான் பல்லு விளக்குவேன். இதோ பாருங்க, இன்னிக்கு அனுப்பினது. நேத்து அனுப்பினது. மேல தள்ளுங்க, தள்ளுங்க. எல்லாத்துலயும் ஒரே ஒரு டிக்குதான் விழுந்திருக்குது, ரெண்டாவது விழவே மாட்டேங்குது.

அந்தப் பக்கம் டவர் சரியில்லைங்க.